கொடையும் கூலியும்

ஒருவர் தம் உழைப்பைக் கூலி பெறாது பிறர்க்கு வழங்கினால் அவரை நாம் உயர்ந்தவராக மதிக்கிறோம். அம்மதிப்பு தகுதியானதே. ஆயினும் அவருக்குக் கூலி கொடுப்பதே குற்றம் என ஒரு விதி எழுதப்பட்டு, அவ்விதிக்குக் கட்டுப்பட்டு அவர் வெறுங்கையோடு உழைப்பாரானால் அதனையும் கொடை என்று அழைக்கலாமா? அமெரிக்கக் கல்லூரிகளின் பேஸ்பால் திடல்களில் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் இவ்வினா எழுப்பப்படாமலே கிடந்தது. தொழில்முறை ஆட்டத்திலிருந்து விலகிக் கல்லூரிகளில் துணைப் பயிற்சியாளர்களாக அமர்ந்தவர்களின் வாழ்வில்தான் அது கூர்மையாக வெளிப்பட்டது.

பேஸ்பால், கிரிக்கெட்டுக்கு உறவு முறையான ஆட்டம். எறியப்படும் பந்தை அடித்துவிட்டு நான்கு தளங்களைச் சுற்றி ஓடி வர வேண்டும். கிரிக்கெட்டில் திறமையாளர் நாள் முழுதும் நின்று ஆடலாம். இங்கோ பத்து முறை மட்டை பிடித்து மூன்று முறை வெற்றி கண்டவரே சிறந்தவர் எனப் பெயர் பெறுகிறார். தோல்வியே அன்றாட வழக்கமாக உள்ள ஆட்டம் இது. ஆதலால் தோல்வியைத் தாங்கிக்கொண்டு மறுபடியும் மட்டையைக் கையிலெடுக்கக் கற்பிப்பதே பயிற்சியாளரின் பணியில் பெரும்பகுதி.

கல்லூரி அணியொன்றில் 35 இளைஞர்கள் அளவில் இருப்பர். ஒரு பருவத்தில் 56 ஆட்டங்கள் வரை ஆடுவர். வலைக்கூண்டுக்குள் நின்று நூற்றுக்கணக்கான பந்துகளை எறிந்து கொடுப்பதும், மெல்லிய நீண்ட மட்டையால் தரையோடு பந்தை அடித்துத் தடுப்போரைப் பழக்குவதும், ஆட்ட வேளையில் முதல் தளத்தருகே நின்று ஓடுபவர்க்குச் சைகை காட்டுவதும் துணைப் பயிற்சியாளர்களின் வேலை. பந்தெறியும் ஓர் இளைஞனின் முழங்கை எங்கே சற்றுத் தாழ்கிறது என்பதை முதலில் காணும் கண்ணும் அவர்களுடையதே. அணி வென்றாலோ செய்தித்தாள்கள் தலைமைப் பயிற்சியாளரின் பெயரையே எழுதும்.

இந்த இடத்தில் ஒரு பெரிய மனிதரை நினைவுகூர வேண்டும். டோனி க்வின் சான் டியேகோ பேட்ரஸ் என்னும் ஒரே அணிக்காக 1982 முதல் 2001 வரை 20 பருவங்கள் ஆடியவர். 3,141 முறை பந்தை அடித்துத் தளம் சேர்ந்தவர். மட்டை பிடித்த ஆயிரம் முறைக்கு 338 வெற்றி என்பது அவர் வாழ்நாள் கணக்கு. எட்டுப் பருவங்களில் தம் லீகின் முதல் மட்டையாளராக நின்றார். வீடியோப் பதிவு புதுமையாக இருந்த 1980களிலேயே தம் ஆட்டத்தைப் பதிந்து வைத்துத் திரும்பத் திரும்பப் பார்த்துப் பிழை தேடியவர் அவர். கைக்குத் தெரிந்ததை வாயால் சொல்ல இயலாத மேதைகள் பலர் உண்டு. க்வின் அப்படிப்பட்டவரல்லர், தாம் செய்வதை அறிந்து செய்தவராதலால் பிறர்க்கு உரைக்கவும் வல்லவராயிருந்தார்.

ஓய்வு பெற்றதும் அவர் தாம் படித்த சான் டியேகோ அரசுப் பல்கலைக்கழகத்துக்கே திரும்பினார். 2002ஆம் ஆண்டுப் பருவத்தில், தம்மை இளமையில் பயிற்றுவித்த ஜிம் டீட்ஸ் என்பாரின் கீழ் ஊதியமில்லாத துணைப் பயிற்சியாளராக அமர்ந்தார். அவர்கள் நாளும் ஆடிய அரங்கத்துக்கு அப்போதே டோனி க்வினின் பெயர்தான்! தம் பெயர் பொறித்த அரங்கில் மற்றொருவருக்குத் துணையாக நின்று பந்து பொறுக்க எத்தனை பேருக்கு மனம் வரும்? அடுத்த ஆண்டு தலைமைப் பொறுப்பேற்றவர் 2014இல் தம் 54ஆம் வயதில் மறையும் வரை அப்பணியிலேயே இருந்தார். 2009இல் தொழில்முறை அணிகளின் தேர்வில் நாட்டிலேயே முதல்வராக எடுக்கப்பட்ட ஸ்டீபன் ஸ்ட்ராஸ்பர்க் அவருடைய மாணவர்.

க்வின் அந்த ஓராண்டில் அளித்தது கொடையே. அதில் நமக்கு ஐயமில்லை. ஆட்ட நாட்களில் கோடிக்கணக்கான டாலர் ஈட்டியவர். தலைமைப் பதவி தமக்கென முடிவாகியிருந்ததும் அவருக்குத் தெரியும். ஊதியம் அவருக்குத் தேவையில்லை. தேவையில்லாதவர் விட்டுக்கொடுப்பதும் நல்ல செயலே. அதன் நன்மையைக் குறைத்துப் பேசுவது சிறுமை.

ஆனால் தொழில்முறை ஆட்டக்காரர் என்றதும் நம் மனக்கண்முன் க்வினைப் போன்ற செல்வரே வந்து நிற்பதுதான் பிழைக்குத் தொடக்கம். தொழில்முறை ஒப்பந்தம் பெறுவோரில் பெரும்பாலோர் உயர்நிலை லீகின் திடலில் ஒரு நாளும் கால் வைப்பதில்லை. கீழ்நிலை அணிகளில், பேருந்துப் பயணத்திலும் மலிவான விடுதிகளிலும் ஆண்டுகளைக் கழித்துவிட்டு விலக்கப்படுகின்றனர். 2019இல் ‘ஏ’ நிலை அணிகளில் குறைந்த அளவு ஊதியம் வாரத்துக்கு 290 டாலர். அதுவும் ஆட்டப் பருவத்தில் மட்டுமே. அதற்கு முந்தைய ஆண்டில்தான் அவர்களை மிகைநேர ஊதியம் முதலிய தொழிற்சட்டப் பாதுகாப்பிலிருந்து விலக்கிக் காங்கிரஸ் சட்டம் இயற்றியது. அமெரிக்காவின் பொழுதுபோக்கைக் காக்கும் சட்டம் என்று அதற்குப் பெயர்! பெயர் சூட்டுவதில் அரசியலார்க்கு உள்ள திறமை எந்நாட்டிலும் குன்றுவதில்லை.

இருபத்தைந்து அல்லது இருபத்தேழு வயதில் அவ்வாறு வெளியே வருபவனுக்குத் தெரிந்த தொழில் ஒன்றே. அதைக் கற்பிக்கக் கல்லூரிக்கு வருகிறான். அங்கே விதி அவனை எதிர்கொள்கிறது. முதல்நிலைக் கல்லூரிகளின் பேஸ்பால் அணிக்குத் தலைமைப் பயிற்சியாளர் ஒருவர், ஊதியம் பெறும் துணைவர் இருவர். நான்காமவர் தன்னார்வலராகவே இருத்தல் வேண்டும். அவருக்குச் சம்பளமும் கூடாது, மருத்துவக் காப்பீடும் கூடாது. இதை விதித்தது ஒரு தனிக் கல்லூரியன்று; அக்கல்லூரிகள் அனைத்தும் உறுப்பாக உள்ள தேசியக் கல்லூரி விளையாட்டுக் கழகம். கொடுக்க விரும்பிய கல்லூரியும் கொடுக்க இயலாது. பெரிய அணிகளின் தலைமைப் பயிற்சியாளர் சிலர் ஆண்டுக்குப் பத்து லட்சம் டாலருக்கு மேல் பெற்ற அதே திடலில், அதே வெயிலில், அவர்களோடு நின்ற நான்காமவர் கோடை விடுமுறையில் சிறுவர்க்கு முகாம் நடத்தியும் மாலையில் தனிப்பாடம் சொல்லியும் வீட்டு வாடகை செலுத்தினார்.

விதியை ஆதரித்தோர் தீயவரல்லர். அவர்கள் சொன்ன காரணங்களையும் கேட்டல் முறை. வளமான கல்லூரிகள் பணத்தை வாரி இறைத்துப் பயிற்சியாளர்களைக் குவித்துவிட்டால் ஏழைக் கல்லூரிகள் போட்டியில் நிற்க இயலாது என்றனர். செலவுக்கு ஒரு வரம்பு வேண்டும் என்றனர். இதனை நாம் எளிதில் தள்ளிவிட முடியாது. ஆனால் சமநிலை காக்கும் சுமையை ஏன் நால்வருள் மிக எளியவர் தோளில் மட்டும் ஏற்ற வேண்டும்? தலைமைப் பயிற்சியாளரின் ஊதியத்துக்கு அக்கழகம் வரம்பு கட்டவில்லை. அரங்கங்களின் ஆடம்பரத்துக்கும் வரம்பு கட்டவில்லை. சிக்கனம் கடைசி நாற்காலிக்கு வந்தபோது மட்டும் கொள்கையாகிவிட்டது.

அவர்கள் ஆட்டத்தின் மீதுள்ள அன்பால் வருகிறார்கள் என்பது மற்றொரு காரணம். அது முழு உண்மை, உண்மையாயிருப்பதுதான் இடர். அன்பில்லாதவனை ஊதியமின்றி ஒரு நாள்கூட நிறுத்திவைக்க முடியாது. அன்புடையவனை ஆண்டுக்கணக்கில் நிறுத்திவைக்கலாம். நம் வீடுகளில் நிய்யத் என்று சொல்லும் உள்ளத்தின் நோக்கம் உழைப்பவனுக்கு உரியது. அதை எடுத்து உழைப்பைப் பெறுபவன் தன் கணக்கில் வரவு வைத்துக்கொள்வது எங்ஙனம் பொருந்தும்?

கொடைக்கு உயிர் கொடுப்பது அதை மறுக்கும் உரிமை. ஊதியம் உண்டு என்று விதி இருந்து, க்வின் போன்ற ஒருவர் எனக்கு வேண்டா, அதை இளையவர் ஒருவர்க்குக் கொடுங்கள் என்று சொன்னால் அப்போது அவர் கொடுப்பது யாவர்க்கும் விளங்கும். ஊதியமே கூடாது என்று விதித்துவிட்டாலோ, விரும்பிக் கொடுத்தவரும் வேறு வழியின்றிக் கொடுத்தவரும் ஒரே பெயரால் அழைக்கப்படுகின்றனர். க்வினின் பெருந்தன்மையைக்கூட அவ்விதி மறைத்துவிட்டது என்பதே நம் கருத்து. தன்னார்வலர் என்ற சொல்லைப் பதவிப் பெயராக்கிப் பலகையில் எழுதிய அன்றே அச்சொல்லிலிருந்து ஆர்வம் போய்விட்டது.

இக்கழகம் இதற்கு முன்பே ஒருமுறை நீதிமன்றத்தில் தோற்றிருந்தது. 1990களின் தொடக்கத்தில், துணைப் பயிற்சியாளருள் ஒரு பிரிவினர்க்கு ஆண்டுக்கு 16,000 டாலருக்கு மேல் கொடுக்கலாகாது என அது விதித்தது. கூடைப்பந்துப் பயிற்சியாளர்கள் வழக்குத் தொடுத்தனர். போட்டியாளர்கள் ஒன்றுகூடி விலை பேசிக்கொள்வதைத் தடுக்கும் 1890ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அவ்வரம்பு செல்லாது என்று 1998இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் உறுதிப்படுத்தியது. அடுத்த ஆண்டு கழகம் 5 கோடியே 45 லட்சம் டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டது. பதினாறாயிரம் என்ற வரம்பே சட்டத்துக்கு மாறு எனில், ஒன்றுமில்லை என்ற வரம்பு மட்டும் எவ்வாறு நிலைத்தது? தன்னார்வம் என்ற அழகிய சொல் அதற்குக் குடை பிடித்தது என்பதைத் தவிர வேறு விடை நமக்குத் தோன்றவில்லை.

2019இல் முன்வைக்கப்பட்ட மாற்றம் கழகத்தின் அவையில் தோற்றது. 2022 நவம்பரில் முன்னாள் தன்னார்வப் பயிற்சியாளர் இருவர் கலிபோர்னியாவில் வழக்குத் தொடுத்தனர். 2023 ஜனவரியில் அவை அப்பதவியை நீக்க வாக்களித்தது. அவ்வாண்டு ஜூலை 1 முதல் நான்காம் நாற்காலிக்கும் ஊதியம் தரலாம் என்றாயிற்று. பேஸ்பால் வழக்கை முடிக்க ஏறத்தாழ 4 கோடியே 90 லட்சம் டாலர் தரவும் கழகம் பின்னர் இணங்கியது.

இழப்பீடு, அந்நாற்காலியில் அமர்ந்தவர்க்குக் கணக்கிடப்பட்டது. மனைவி மக்களைக் காக்க வேண்டியிருந்ததால் அதில் அமரவே முடியாமல், பெட்டியில் கையுறையை வைத்துப் பூட்டிவிட்டுக் கிடங்கு வேலைக்கோ காப்பீட்டு விற்பனைக்கோ போன ஆட்டக்காரர்கள் எந்தப் பட்டியலிலும் இல்லை. அவர்களிடம் கற்றிருக்க வேண்டிய இளைஞர்கள் வேறொருவரிடம் கற்றார்கள். அல்லது கற்காமலே போனார்கள்.