மனமே காவல்



நம் நாட்டுக் குற்றவியல் சட்டத்தில் 498-ஆவது பிரிவு என்று ஒன்று இருந்தது. இன்னொருவர் மனைவியை ஆசை காட்டி அழைத்துப் போகிற ஆணுக்கு 2 ஆண்டு வரை சிறை. வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம். எப்போதாவதுதான் கோர்ட்டுக்கு வரும். 2023 டிசம்பரில் கூட்டரசு நீதிமன்றம் அதை ரத்து செய்தது. சிங்கப்பூர் 2020-லேயே நீக்கிவிட்டது.

உடனே சிலர், "அப்போ இனிமே தப்பில்லையா?" என்று சிரித்துக்கொண்டே கேட்கிறார்கள். சிரிக்கிற விஷயமா இது?

அந்தச் சட்டம் ஏன் போனது? அது காத்தது கணவனின் உரிமையை மட்டும்தான். புருஷன் வேறொருத்தியோடு போனால், மனைவிக்கு அதில் வழியே இல்லை. மனைவியைக் கணவனின் உடைமையாகப் பார்த்த சட்டம் அது. ஆண், பெண் பேதம் காட்டுவதால் செல்லாது என்றது நீதிமன்றம். துரோகம் செய்ய யாரும் அனுமதி கொடுக்கவில்லை. முஸ்லிம் அல்லாதாருக்கான 1976-ஆம் ஆண்டுத் திருமணச் சட்டத்தில், கள்ள உறவு இன்றும் மணமுறிவுக்குக் காரணமாகக் காட்டக் கூடியதுதான்.

நம் வள்ளுவர் இதை எங்கே வைத்தார், பாருங்கள். அரசனையும் தண்டனையையும் பேசும் பொருட்பாலில் வைக்கவில்லை. அறத்துப்பாலில், இல்லறத்தானுக்குச் சொல்கிறார். 'பிறனில் விழையாமை' அதிகாரம் முழுவதும் ஆணைப் பார்த்தே பேசுகிறது. பிறர் மனைவியை ஆசையோடு பார்க்காமல் இருப்பதுதான் பெரிய ஆண்மையாம்! இன்னோர் அதிகாரத்தில், பூட்டி வைத்துக் காப்பதால் பயனில்லை, மன உறுதியே காவல் என்கிறார். அது பெண்ணைக் குறித்துச் சொன்னது. ஆணுக்கு மட்டும் பொருந்தாதா என்ன?

கல்யாணத்தில் அருந்ததி பார்க்கிறோம். அருந்ததி தனியாகவா நிற்கிறாள்? பக்கத்திலேயே வசிஷ்டர் இருக்கிறார். அது மணப்பெண்ணுக்கு மட்டும் சொன்ன பாடம் என்று மாப்பிள்ளை நினைக்கக் கூடாது.

நள்ளிரவில் வாட்ஸ்அப்பில் ஒரு மெசேஜ். மனைவியிடமோ கணவனிடமோ காட்ட முடியாத மெசேஜ். அதற்குப் போலீஸ் வராது. ஆனால், அம்மா அழுவதை, அப்பா ஒடிந்து உட்கார்ந்திருப்பதை ஒரு பிள்ளை பார்க்கும். அந்தப் பிள்ளைக்கு எந்தக் கோர்ட் பதில் சொல்லும்?

இல்வாழ்க்கையில் மனம் ஒட்டவில்லையா? உட்கார்ந்து பேசுங்கள். பெரியவர்களிடம் போங்கள். முடியவே இல்லை என்றால் முறைப்படி பிரியுங்கள். ஏமாற்றி மட்டும் வாழாதீர்கள்.

அக்னி முன் கொடுத்த வாக்கை எந்த நீதிமன்றமும் ரத்து செய்யவில்லை. அதைக் காக்கும் மன உறுதியை இறைவன் நம் எல்லாருக்கும் அருளட்டும்.