குரலுக்கும் நிறம் உண்டோ?

வானொலியில் பேசுகிறவரின் முகம் நமக்குத் தெரிவதில்லை. ஆகவே நிறமும் இனமும் பார்த்து மனிதரை ஒதுக்கும் தீமைக்கு வானொலியைவிட ஏற்ற மருந்து வேறில்லை என்று நம்மில் பலர் எண்ணுவதுண்டு. தென்னாப்பிரிக்காவின் வரலாற்றைச் சற்று ஊன்றிப் பார்த்தால் அவ்வெண்ணம் தளர்ந்துவிடும்.

நிறவெறி அரசு அங்கே கறுப்பின மக்களுக்கு வானொலியை மறுக்கவில்லை, வலிந்து வழங்கியது. 1960-இல் 'ரேடியோ பாண்டு' தொடங்கப்பட்டு, சூலு மக்களுக்குச் சூலு மொழியிலும் கோசா மக்களுக்குக் கோசா மொழியிலும் எனத் தனித்தனி ஒலிபரப்புகள் நடந்தன. தாய்மொழியில் கேட்பது யாருக்குத்தான் இனிக்காது? ஆனால் கொடுத்தவர்களின் நோக்கம் வேறு. ஒவ்வோர் இனமும் தன் வேலிக்குள் தன் மொழியை மட்டும் கேட்டுக்கொண்டு, மற்றதை அறியாமல் கிடக்கவேண்டும் என்பதே அது. 1983-இல் இந்திய வம்சாவளியினருக்கென 'ரேடியோ லோட்டஸ்' தோன்றியதும் இந்த ஏற்பாட்டின் தொடர்ச்சிதான். 1860 முதல் சென்னையிலிருந்து நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேறிய நம்மவரின் வழித்தோன்றல்கள் அதில் தமிழ் கேட்டு மகிழ்ந்திருப்பார்கள். அம்மகிழ்ச்சியை நாம் குறைகூற மாட்டோம். எனினும் பாட்டோடு சேர்ந்து வேலியும் அல்லவா வீட்டுக்குள் வந்தது!

இதற்கு மறுமொழி கேப் டவுன் நகரில் எழுந்தது. அரசு வானொலி ஒலிபரப்பாத உரைகளையும் கவிதைகளையும் இசையையும் 1980-களில் சிலர் ஒலிநாடாக்களில் பதிவு செய்து, ஒடுக்கப்பட்டோரின் குடியிருப்புகளில் பரப்பினர். அம்முயற்சியே வளர்ந்து 'புஷ் ரேடியோ' எனும் சமூக வானொலி ஆயிற்று. உரிமம் கிடைக்காத நிலையில், 1993 ஏப்ரலில் உரிமமின்றியே ஒலிபரப்பினர். சில மணி நேரத்தில் அது நிறுத்தப்பட்டது, கருவிகள் பறிமுதலாயின, வழக்கும் தொடரப்பட்டுப் பின்னர் கைவிடப்பட்டது. ஆட்சி மாறிய பின், 1995 ஆகஸ்டில் முறையான ஒலிபரப்பு தொடங்கியது.

இந்நிலையத்தில் நம்மைக் கவர்வது அதன் வீரத்தைவிட அதன் மொழி ஏற்பாடுதான். ஆங்கிலம், ஆப்பிரிக்கான்ஸ், கோசா ஆகிய மூன்றும் ஒரே அலைவரிசையில் ஒலிக்கின்றன. தமக்குரிய மொழிக்காகக் காத்திருப்பவர், அயலாரின் மொழியையும் செவியில் வாங்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. அவர் பெட்டியை அணைத்துவிடலாம். அணைக்காமல் பொறுத்திருக்கவும் செய்யலாம். பாகுபாட்டை எதிர்த்து முழங்கும் நூறு உரைகளைவிட இந்தப் பொறுமையே கடினமான பயிற்சி என்பது நம் கருத்து.

அப்படியானால் மொழி ஒன்றாயிருந்தால் போதுமோ எனில், ருவாண்டா நம் வாயை அடைக்கிறது. ஹூட்டு, டுட்சி எனும் இரு பிரிவினருக்கும் அங்கே தாய்மொழி ஒன்றே. 1993-இல் தொடங்கிய ஆர்.டி.எல்.எம். எனும் தனியார் வானொலி, அம்மொழியில் இசையும் வேடிக்கைப் பேச்சுமாக மக்களோடு மக்களாய்க் கலந்துறவாடியது. டுட்சிகளைக் கரப்பான்பூச்சிகள் என்றது. 1994 ஏப்ரல் முதல் ஏறத்தாழ 100 நாட்களில் சுமார் 8 லட்சம் பேர் கொல்லப்பட்டனர். கத்தோலிக்கர் அப்போது பெருவாரியாக வாழ்ந்த நாடு அது. ந்தராமா ஆலயத்தில் அடைக்கலம் புகுந்தவர்களும் அங்கேயே வெட்டுண்டனர். திருச்சபையும் அதன் உறுப்பினரும் செய்த பாவங்களுக்காகத் திருத்தந்தை பிரான்சிஸ் 2017-இல் இறைவனிடம் மன்னிப்பு வேண்டியதை நாம் விரைந்து வாசித்துக் கடந்துவிடலாகாது.

அதே நாட்டில், 2004-இல் 'முசெகெவேயா' எனும் தொடர்நாடகம் அரசு வானொலியில் தொடங்கியது. பகைமை எவ்வாறு வளர்கிறது, அதை எவ்வாறு தடுக்கலாம் என்பதை இரு கற்பனைக் கிராமங்களின் கதையாக அது சொன்னது. சமூக வானொலி எனும் பெயர் இதற்கு முற்றும் பொருந்தாது. ஆயினும் ஊரார் கூடியிருந்து கேட்ட நாடகம் இது. எலிசபெத் பாலக் எனும் உளவியல் ஆய்வாளர் ஓராண்டு இதன் பயனை ஆராய்ந்து 2009-இல் முடிவை வெளியிட்டார். கேட்டவர்களின் சொந்த நம்பிக்கைகள் பெரிதாக மாறவில்லை. ஆனால் ஊரில் எது தகும், எது தகாது என்ற எண்ணம் மாறியிருந்தது. மாறுபட்ட கருத்தை வாய்விட்டுச் சொல்லும் துணிவும் வந்திருந்தது.

மனமாற்றத்தையே பெரிதாகப் பேசிப் பழகிய நமக்கு இது ஏமாற்றமாகத் தோன்றலாம். உள்ளம் மாறாமல் நாவு மட்டும் மாறுவதில் என்ன பயன் என்று நாமும் முதலில் கேட்டோம். அவ்வாய்வில் வரும் ஒரு சிறு நிகழ்ச்சியைப் படித்த பிறகு, அக்கேள்வியை அவ்வளவு உறுதியாகக் கேட்க நம்மால் இயலவில்லை.

ஆண்டு முடிவில் ஒவ்வொரு குழுவுக்கும் ஒலிநாடாக் கருவியும் நாடகத்தின் நாடாக்களும் பரிசளிக்கப்பட்டன. அவற்றை யார் பொறுப்பில் வைப்பது? ஒப்புநோக்குவதற்காக உடல்நல நாடகம் ஒன்றைக் கேட்டிருந்த குழுக்களில், ஊர் அதிகாரியிடம் கொடுக்கலாம் என்று யாரேனும் சொல்ல, மற்றவர்கள் பெரும்பாலும் உடனே இசைந்தனர். பத்தாண்டுகளுக்கு முன் அதிகாரிகளின் சொல்லுக்குப் பணிந்து பலர் கத்தி எடுத்த நாடு அது. முசெகெவேயா கேட்ட குழுக்களிலோ, ஒருவர் குறுக்கிட்டு, அதிகாரியிடம் ஏன் கொடுக்கவேண்டும், நாமே சேர்ந்து பார்த்துக்கொள்ளலாமே என்றார். அதன்பின் பேச்சு நீண்டது.