பிள்ளை யாருக்குச் சொந்தம்?

- ஓய்வுநிலை எழுதுவினைஞர், ஆலய பரிபாலன சபை உறுப்பினர்

எல்லாம் வல்ல அம்பாளின் பெருங்கருணையினால் எமது ஆலய ஆண்டு மலர் இவ்வருடமும் அடியார்களின் கரங்களை வந்தடைகின்றது. ஆகமங்கள் பற்றியும் சித்தாந்தம் பற்றியும் எழுத வல்ல பெரியோர் இம்மலரில் உளர். ஆகவே அடியேன், எமது வீடுகளுக்குள்ளே நாள்தோறும் எழுகின்ற ஒரு சாதாரணக் கேள்வியை எடுத்துக்கொள்கின்றேன்.

"என்ர பிள்ளை, நான் அடிப்பன், அணைப்பன், உங்களுக்கென்ன?" இந்த வார்த்தையை எமது கிராமங்களிலே கேளாதவர் இல்லை. "பெத்தவை இருக்கினம், நாங்கள் ஏன் தலையிடுவான்?" என்ற வார்த்தையையும் நாம் கேட்டிருக்கின்றோம். முதலாவது பெற்றவர் சொல்வது. இரண்டாவது அயலவர் சொல்வது. ஒன்றுக்கொன்று எதிரானவை போலத் தோன்றினும் இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே எண்ணந்தான். பிள்ளை பெற்றவரின் சொத்து என்பதே அந்த எண்ணம். அது சரியானதா என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

விற்று வாங்கும் நேர்த்தி

எமது வன்னிப் பகுதிக் கோயில்களிலும் யாழ்ப்பாணத்துக் கோயில்களிலும் பிள்ளையை விற்று வாங்குகின்ற நேர்த்தி ஒன்று உண்டு. நெடுங்காலம் காத்திருந்து பெற்ற பிள்ளை, கடும் நோயிலிருந்து மீண்ட பிள்ளை, கொடி சுற்றிப் பிறந்த பிள்ளை ஆகியோரைப் பெற்றோர் சந்நிதானத்திலே கொண்டுவந்து தெய்வத்திற்கென ஒப்புக்கொடுப்பர். பின்னர் பெற்றோரோ மாமன்மாரோ ஒரு சிறு தொகையைச் செலுத்திப் பிள்ளையைத் திரும்பப் பெற்றுக்கொள்வர்.

இதனை மூடநம்பிக்கை என்று சொல்வோரும் உளர். ஆனால் சற்று நிதானமாக யோசிக்க வேண்டும். அந்தச் சிறு தொகைதான் பிள்ளையின் விலை என்று எந்தத் தாயும் நினைப்பதில்லை. உண்மையில் அங்கே கைமாறுவது ஓர் எண்ணமேயாகும். சந்நிதானத்திற்குப் போகும்போது "நான் பெற்ற பிள்ளை" என்றிருந்தது, திரும்பி வரும்போது "அம்பாள் என்னிடம் தந்த பிள்ளை" என்றாகின்றது. பெற்றவரிடமிருந்த உரிமை பொறுப்பாக மாறுகின்றது.

அரச கடமையில் இருந்தோருக்கு இந்த வேறுபாடு நன்கு விளங்கும். ஒரு காரியாலயத்தின் மேசையும் அலுமாரியும் இருப்புப் பதிவேட்டில் எழுதப்பட்டு ஓர் உத்தியோகத்தரின் பொறுப்பில் ஒப்படைக்கப்படும். அவர் அவற்றைப் பாவிக்கலாம், பாதுகாக்க வேண்டும், கேட்கும்போது கணக்குக் காட்டவும் வேண்டும். ஆயினும் அவை அவருடையவை அல்ல. இந்த உவமை ஓரளவுக்கே பொருந்தும். ஏனெனில் மேசை வளர்வதில்லை. பிள்ளையோ வளர்ந்து ஒருநாள் தன் பெயரில் தானே கையொப்பமிடும். அப்போது அது பெற்றவருக்கும் சொந்தமல்ல, ஊருக்கும் சொந்தமல்ல, தனக்கே உரியது. அதுவரையில் அதனைக் காப்பது பலருக்கும் உரிய கடமை.

ஆறு தாய்மாரும் ஒரு குளக்கரையும்

எமது புராணங்களும் இதையே காட்டுகின்றன. சிவபெருமானின் நெற்றிக்கண்ணிலிருந்து தோன்றிய முருகப்பெருமானுக்குச் சரவணப் பொய்கையிலே பாலூட்டி வளர்த்தவர்கள் கார்த்திகைப் பெண்கள் அறுவர். உமாதேவியார் வந்து ஆறு குழந்தைகளையும் ஒருங்கே அணைத்தபோது ஆறு திருமுகங்களுடைய ஒரு பிள்ளை ஆயிற்று. அதன் பின்னர் அந்த அறுவரும் மறக்கப்பட்டார்களா? இல்லை. கார்த்திகேயன் என்ற பெயரிலேயே அவர்கள் நிலைத்துவிட்டார்கள். வளர்த்தவர்களின் பெயரைப் பிள்ளை தாங்குகின்றது.

சீர்காழியிலே திருஞானசம்பந்தருக்கு மூன்று வயது. தந்தையார் சிவபாதவிருதயர் பிள்ளையைக் குளக்கரையில் இருத்திவிட்டு நீராட இறங்கினார். தந்தையைக் காணாது பிள்ளை அழுதது. அம்மையார் வந்து பொற்கிண்ணத்திலே பாலூட்டினார். கரையேறிய தந்தையார் வாயில் வடிந்த பாலைக் கண்டு, யார் தந்த பாலை உண்டாய் என்று கோலை ஓங்கினார் என்பது பெரியபுராணம் கூறும் வரலாறு. அழுத பிள்ளைக்குப் பசி தீர்ந்ததே என்ற நிம்மதியை விட, யார் கொடுத்தது என்ற கேள்வியே தந்தையின் மனத்தில் முதலில் எழுந்தது. இன்றும் எத்தனையோ வீடுகளில் பிள்ளைக்கு அயல்வீட்டார் ஒரு வாய் சோறு தீத்தினால் அந்தக் கோல் ஓங்கப்படுகின்றது. பசியறிந்து ஊட்டியவர் யாராயினும் அவரிலே அம்மையைக் காண்பதே அந்த வரலாறு தரும் பாடம் என்பது அடியேனின் எண்ணம்.

பதிவேட்டில் இல்லாத நிரல்

அடியேன் கடமையாற்றிய காலத்துப் பிறப்புப் பதிவிலே தந்தையின் பெயருக்கு ஒரு நிரல் இருந்தது. தாயின் பெயருக்கு ஒன்று இருந்தது. பாட்டனார் இலங்கையிற் பிறந்தவராயின் அவர் பெயருக்கும் ஓர் இடம் இருந்தது. அம்மம்மாவுக்கு இடமில்லை. வளர்த்த சின்னம்மாவுக்கும் இடமில்லை. யார் பெற்றார் என்பதைப் பதிவது சட்டத்திற்குப் போதுமானது. யார் இரவில் விழித்திருந்தார் என்பதை எந்தப் பதிவேடும் கேட்பதில்லை.

எமது பழைய வழக்கம் இவ்விடயத்தில் சற்று விரிவானதாகவே இருந்தது. ஒல்லாந்தர் காலத்தில், 1707இல் சட்டமாக்கப்பட்ட தேசவழமையிலே பிள்ளையைச் சுவீகாரம் எடுப்பது பற்றிய பகுதி உண்டு. உறவினரின் சம்மதம் பெறப்பட்டு, பலர் முன்னிலையில் மஞ்சள் நீர் அருந்தும் சடங்குடன் அது நடைபெற்றது. ஒரு பிள்ளையை ஏற்பது நாலு சுவருக்குள் முடிகின்ற காரியமல்ல, சுற்றம் சாட்சியாக நிற்க வேண்டிய காரியம் என்பதே அதன் உட்பொருள். இன்று சுவீகாரம் 1941ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின்படி நீதிமன்றத்தினூடாகவே செய்யப்பட வேண்டும். அது பிள்ளையின் பாதுகாப்புக்கு அவசியமானது. ஆயினும் நீதிமன்றக் கட்டளை வந்த பின்பும் அயலின் சாட்சியம் தேவைப்படுகின்றது.

வன்னியில் இக்கேள்வியின் கனம்

வேறிடங்களில் இது வெறும் விவாதப் பொருளாக இருக்கலாம். எமக்கு அப்படியல்ல. 2009 மே மாதத்தில் யுத்தம் முடிவடைந்தபோது கைக்குழந்தைகளுடன் செட்டிக்குளம் மெனிக் பாம் முகாம்களுக்குச் சென்றவர்கள் எம்மிடையே வாழ்கின்றார்கள். 2012 செப்டெம்பரில் அம்முகாம் மூடப்படும் வரையில் கூடாரங்களிலே பிறந்த பிள்ளைகள் பலர். அக்கூடாரங்களில் பக்கத்தில் இருந்தவர் உறவினரா, எந்த ஊரவர் என்று யாரும் பார்க்கவில்லை. ஒரு தாய் தண்ணீருக்கு வரிசையில் நிற்க, முன்பின் அறியாத இன்னொரு தாய் பிள்ளையை மடியில் வைத்திருந்தாள். அன்று பிள்ளை எல்லோருக்கும் உரியதாக இருந்தது. மதிலும் படலையும் மீண்டும் வந்த பின்னரே "என்ர பிள்ளை, உன்ர பிள்ளை" என்பது பெரிதாயிற்று.

தந்தையை இழந்த, தந்தை என்ன ஆனார் என்றே தெரியாத பிள்ளைகளைத் தனித்து வளர்த்த தாய்மார் எமது ஒவ்வொரு கிராமத்திலும் உளர். கிளிநொச்சியில் ஆடைத் தொழிற்சாலைக்குப் பேருந்தேறும் தாயின் குழந்தையை அம்மம்மா பார்க்கின்றார். அம்மம்மாவே இல்லாத வீடுகளும் உள்ளன. மத்திய கிழக்கிற்கு வீட்டுப் பணிக்குச் சென்ற தாய்மாரும் உளர். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையுடைய பெண்கள் அவ்வாறு செல்வதைத் தடுக்கும் வகையில் 2013இல் குடும்பப் பின்னணி அறிக்கை என்ற நடைமுறை கொண்டுவரப்பட்டது. 2022இன் பொருளாதார நெருக்கடியில் அந்த எல்லை இரண்டு வயதாகக் குறைக்கப்பட்டது. ஒன்றை மட்டும் சிந்தித்துப் பாருங்கள். அந்த அறிக்கை தாயிடமே கேட்கப்பட்டது. வெளிநாடு செல்லும் தந்தையிடம், "உன் பிள்ளையை யார் பார்ப்பது?" என்று எவரும் கேட்கவில்லை. அரசாங்கத்தில் பிரசவ விடுமுறை முழுச் சம்பளத்துடன் 84 வேலை நாட்கள். தந்தைக்கு மூன்று நாட்கள். 1991இல் இலங்கை ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைச் சமவாயமோ, பிள்ளை வளர்ப்பு இரு பெற்றோருக்கும் பொதுவான பொறுப்பு என்கின்றது. காகிதத்திலே இருப்பதை வீட்டிலே கொண்டுவர வேண்டியவர்கள் தந்தைமாராகிய நாங்களே.

புத்திமதியும் ஒத்தாசையும்

பிள்ளை பலருக்கும் உரிய பொறுப்பு என்றால் ஊரார் எல்லோரும் புத்திமதி சொல்லலாமா என்ற கேள்வி எழும். இளம் தாய்மாரின் முறைப்பாடும் இதுவே. "பால் காணாது, மா கரைச்சுக் குடு" என்பார் ஒருவர். "நாக்கிலை தேன் தடவு" என்பார் மற்றவர். கிளினிக்கில் குடும்பநல உத்தியோகத்தர் இரண்டும் கூடாது என்பார். நடுவிலே அந்தப் பெண் அழுகின்றாள்.

உடல்நலம் சம்பந்தப்பட்ட விடயங்களில் குடும்பநல உத்தியோகத்தரின் சொல்லையே நாம் ஏற்க வேண்டும். 1926இல் களுத்துறையில் தொடங்கிய முதலாவது சுகாதாரப் பிரிவிலிருந்து வளர்ந்து வந்த சேவை அது. முதல் ஆறு மாதமும் தாய்ப்பால் மட்டும் போதும், தண்ணீரும் வேண்டியதில்லை. தேனில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமியின் வித்துக்கள் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையின் குடலிலே பெருகி, நஞ்சை உண்டாக்கித் தசைகளைச் சோரச் செய்யும். ஆகையால் ஒரு வயது வரை தேன் ஆகாது. குழந்தையை நிமிர்த்திப் படுக்க வைத்தே தூங்கச் செய்ய வேண்டும். இவை எமது முன்னோர் அறிந்திராதவை. அறிந்திருந்தால் அவர்களும் இதையே சொல்லியிருப்பார்கள்.

அதேவேளை அம்மம்மாவின் அறிவைத் தள்ளிவிடவும் முடியாது. பிரசவித்த பெண்ணுக்குச் சரக்கு அரைத்துப் பத்தியக்கறி சமைத்து, முப்பத்தொன்று கழியும்வரை அவளைத் தனியே விடாது பார்த்த வழக்கத்திலே பெரிய கருத்து உண்டு. புதிதாகப் பிரசவித்த தாய்மாரில் உலகளவில் ஏறத்தாழ நூற்றுக்கு 13 பேர் மனநலக் குறைபாட்டுக்கு, பெரும்பாலும் மனச்சோர்வுக்கு, ஆளாகின்றனர் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. தூங்காத, பேசாத, பிள்ளையைப் பார்க்க மனமில்லாத தாயை "சோம்பேறி" என்று ஏசுவது பாவம். அவளுக்கு வேண்டியது துணையும் வைத்தியமும்.

பிள்ளைத்தமிழ் பாடிய எமது புலவர்களும் குழந்தையைக் கூர்ந்து பார்த்தவர்களே. மூன்றாம் மாதம் காப்பு, ஐந்தாம் மாதம் தலை நிமிர்த்தி ஆடும் செங்கீரை, ஒன்பதாம் மாதம் கைகொட்டும் சப்பாணி, ஓராண்டளவில் தளர்நடையிட்டு வரும் வருகை எனப் பருவங்களை வகுத்தனர். கிளினிக் கொப்பியிலும் எந்த மாதம் தலை நிமிர்த்தும், எந்த மாதம் இருக்கும், எப்போது நடக்கும் என்று குறிக்கின்றார்கள். புலவரும் உத்தியோகத்தரும் பார்ப்பது ஒரே பிள்ளையைத்தான்.

ஆகவே புத்திமதி சொல்ல யாருக்கு உரிமை உண்டு? ஏணைக் கயிற்றைப் பிடித்து ஆட்டுபவருக்கே உண்டு. ஒரு மணித்தியாலம் பிள்ளையை வாங்கி வைத்து, அந்தத் தாயைத் தூங்க விடுங்கள். ஒரு பானை கஞ்சி காய்ச்சிக் கொண்டுபோய்க் கொடுங்கள். அதன் பின் சொல்லும் சொல் அவள் காதில் ஏறும். ஒத்தாசை இல்லாத புத்திமதி, பாரம் சுமப்பவரின் தலையில் இன்னொரு பாரம்.

அடியாத மாடு படியாது என்று சொல்லிப் பிள்ளையை அடிப்போருக்கும் ஒரு வார்த்தை. மாடு எமது சொத்து. அதற்கே இன்று அடி வேண்டாம் என்கின்றார்கள். பிள்ளையோ சொத்தே அல்ல, ஒப்படைக்கப்பட்டது. ஒப்படைத்தவள் கேட்கும்போது அந்தத் தழும்புக்கு என்ன கணக்குக் காட்டுவது? அயலிலே ஒரு பிள்ளை தொடர்ந்து அடிவாங்கி அழுவதைக் கேட்டும் "தலையிடக் கூடாது" என்று இருப்பவரும் அந்தக் கணக்கிலிருந்து தப்ப மாட்டார்.

ஆலயம் செய்யக்கூடியவை

ஊருக்குப் பங்கு உண்டு என்று எழுதிவிட்டு ஆலயம் வாளாவிருத்தல் முறையன்று. பரிபாலன சபையினரதும் அடியார்களதும் கவனத்திற்குச் சிலவற்றை முன்வைக்கின்றேன். திருவிழாக் காலங்களில் தாய்மார் பாலூட்டுவதற்கு மடத்திலே மறைப்புடன் கூடிய ஓர் இடம் ஒதுக்கப்படல் வேண்டும். அன்னதானப் பந்தியில் கைக்குழந்தையுடன் வந்தோர் முதலில் அமர வேண்டும். இரவு வேளையில் ஒலிபெருக்கியின் சத்தத்தைக் குறைத்தால் அம்பாள் கோபிக்க மாட்டாள். அயல்வீடுகளில் ஏணையில் கிடக்கும் குழந்தைகள் நிம்மதியாகத் தூங்கும். வெள்ளிக்கிழமைப் பூசைக்கு வரும் மூத்த அம்மாமார் இருவர் மூவராகச் சேர்ந்து, ஊரில் பிரசவித்த வீடுகளுக்குச் சென்று வரலாம். புத்திமதியோடு அல்ல, கையிலே சாப்பாட்டோடு.

விற்று வாங்கும் நேர்த்தியின்போதும் ஒரு சிறு மாற்றம் செய்யலாம். இப்போது பெற்றோர் மட்டுமே முன்னே நிற்கின்றனர். அங்கிருக்கும் அடியார்களும் எழுந்து நின்று, "இந்தப் பிள்ளைக்கு நாங்களும் பொறுப்பு" என்று ஒருமுறை அம்பாள் முன்னிலையில் சொன்னால் என்ன? சொல்வதற்கு ஒரு நிமிடம் போதும். காப்பாற்றுவதற்கு இருபது வருடங்கள் வேண்டும். அந்த இருபது வருடங்களில் ஒரு பிள்ளையாவது "எனக்கு யாரும் இல்லை" என்று சொல்லாமல் வளர்ந்தால், அது ஒரு கும்பாபிஷேகத்திற்கு நிகரான புண்ணியமாகும்.

எமது ஊரின் பிள்ளைகள் யாவரும் நோயற்று, கல்வியும் நற்பண்பும் பெற்று நீடு வாழ, கருணையே வடிவான அம்பாளின் திருவடிகளைப் பணிந்து வேண்டுவோமாக.

சுபம்