மூக்கால் செய்யும் பாவம் எது?

பழைய முறைப்படி அவஸ்தைப்பூசுதல் கொடுக்கும்போது, குருவானவர் நோயாளியின் கண், காது, மூக்கு, வாய், கை, கால் ஆகியவற்றில் மந்திரித்த எண்ணெயைப் பூசி, அந்தந்த அவயவத்தால் கட்டிக்கொண்ட பாவத்தைச் சர்வேசுரன் பொறுத்தருள வேண்டும் என்று மன்றாடுவார். 1972-ல் ஆறாம் சின்னப்பர் பாப்பரசர் இந்த முறையை மாற்றினார். இப்போது நெற்றியிலும் கைகளிலும் பூசுவதே வழக்கம். ஆயினும் பழைய முறையைக் கண்ணால் கண்ட பெரியவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களில் சிலருக்காவது ஒரு சந்தேகம் தோன்றியிருக்கும். கண்ணால் பாவம் உண்டு, காதால் உண்டு, நாவால் சொல்லவே வேண்டாம். மூக்கால் ஒரு மனுஷன் என்ன பெரிய பாவத்தைச் செய்துவிட முடியும்?

வாசனையையும் ருசியையும் அனுபவிப்பதுதான் பாவம் என்று சிலர் சட்டென்று விடை சொல்லிவிடுவார்கள். இவ்விரண்டையும் மட்டமான இன்பங்களாக எண்ணுவது நம்மிடம் ஊறிப்போன பழக்கம். பாட்டை ரசிப்பவனுக்கு ரசிகன் என்று பெயர். குழம்பை ரசிப்பவனுக்குச் சாப்பாட்டு ராமன் என்று பெயர். அர்ச். அகுஸ்தீனார்கூடத் தமது ஆத்தும சரிதையின் பத்தாம் பாகத்தில், ஆகாரத்தை மருந்துபோல் உட்கொள்ளவே தாம் கற்றுக்கொண்டதாகவும், பசியிலிருந்து திருப்திக்குப் போகும் வழியில் ருசி என்னும் கண்ணி காத்திருப்பதாகவும் வருந்துகிறார். வாசனைகளோ தம்மை அவ்வளவாகத் தொந்தரவு செய்வதில்லை என்று சொல்லி, அதை நாலே வரியில் முடித்துவிடுகிறார்.

ஆனால் அர்ச். தோமாஸ் அக்குயினாஸ் வேறொன்றையும் சொல்லுகிறார். மட்டசனம் என்ற புண்ணியத்துக்கு விரோதமான துர்க்குணங்களை ஆராயுமிடத்தில், அளவுகடந்த இச்சையோடு கூட, இன்பமே வேண்டாம் என்று ஒதுக்கித்தள்ளும் மரத்த தன்மையையும் அவர் துர்க்குணமாகவே வைக்கிறார். உயிர் வாழ்வதற்கு அவசியமான செயல்களோடு இன்பத்தைச் சேர்த்து வைத்தவர் சிருஷ்டிகர். அதை அலட்சியம் செய்வது இயற்கையின் ஒழுங்குக்கு மாறானது. உபவாசம் வேறு விஷயம். அது மேலான ஒரு காரியத்துக்காகக் கொஞ்ச காலம் விட்டுக்கொடுப்பது. போர்வீரனும் மல்லனும்கூட அப்படி விட்டுக்கொடுப்பதுண்டு என்று அவரே எழுதுகிறார். போசனப்பிரியத்தில் அவர் எண்ணும் ஐந்து வகைகளில் அளவுக்கு மிஞ்சித் தின்பது ஒன்றுதான். ஆவேசமாக அள்ளி விழுங்குவது இன்னொன்று. கையிலே தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு, தட்டில் இருப்பது இன்னதென்று தெரியாமலே விழுங்குகிறவனை எந்த வகையில் சேர்ப்பாரோ, நாமறியோம்.

இந்த இன்பம் நமக்கு எப்படி உண்டாகிறது என்பதே ஓர் அதிசயம். நாக்கு தனியாக அறிவது இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, இவற்றோடு மாமிசச் சாற்றிலும் தக்காளியிலும் உள்ள ஒரு சாரச் சுவை, அவ்வளவே. இந்த ஐந்தாவதை 1908-ல் ஜப்பானியரான இக்கேடா கண்டு சொன்னார். நமது அறுசுவையில் உள்ள காரம், விஞ்ஞானிகளின் கணக்கில், சுவையே அல்ல, ஒருவித எரிச்சல். மற்றதெல்லாம் மூக்கின் வேலை. மென்று விழுங்கும்போது வாயின் பின்வழியாக ஆவி மேலேறி மூக்கை அடைகிறது. மூக்கை இறுகப் பிடித்துக்கொண்டு ஒரு துண்டு வெல்லத்தைக் கடித்துப் பாருங்கள், வெறும் இனிப்பு. பிடியை விடுங்கள், அப்போதுதான் அது வெல்லம். மனுஷனுடைய மூக்கில் ஏறக்குறைய 400 வகையான வாசனை உணர்விகள் இருக்கின்றன. இத்துறையில் உழைத்த லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்ஸல் இருவருக்கும் 2004-ல் நோபல் பரிசு கிடைத்தது.

2020-ம் வருஷத்துக் கொள்ளைநோயில் இது எவ்வளவு பெரிய கொடை என்பது வீடு வீடாகத் தெரிந்தது. காய்ச்சல் விட்ட பிறகும் பலருக்கு வாசனை திரும்பவில்லை. காப்பி சுடுதண்ணீராயிற்று, சிலருக்கு அதுவே கருகிய நாற்றமாக மாறிற்று. வயிறு நிறைந்தது, சாப்பிட்ட நிறைவு மட்டும் வரவில்லை.

நம் செஞ்சியில் இந்தக் கொடைக்குப் பஞ்சமில்லை. கோடையெல்லாம் காய்ந்து கிடந்த ராஜகிரிப் பாறைமேல் முதல் மழை விழும்போது எழும்பும் மண்வாசனைக்கு இரண்டு ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் 1964-ல் பெட்ரிகோர் என்று பெயர் சூட்டினார்கள். வடக்கே கன்னோசியில் அதையே சந்தன எண்ணெயில் இறக்கி அத்தராக விற்கிறார்கள். நமக்கு அது இனாம். செடியோடு பிடுங்கி வந்த பச்சை மல்லாட்டையை உப்புப் போட்டு அவிக்கும் வீட்டைத் தெருமுனையிலேயே மூக்கு கண்டுபிடித்துவிடும்.

வயிறு நிறைந்தால் போதாதா, ஏழைக்கு ருசி எதற்கு என்று கேட்பார் உண்டு. கோட்டைக்குள் போகிறவர்கள் பெரிய நெற்களஞ்சியத்தைப் பார்த்திருப்பார்கள். 1690-ல் தொடங்கி 1698 வரை மொகலாயர் இக்கோட்டையை முற்றுகையிட்டார்கள். நடுவில், 1693 வாக்கில், முற்றுகையிட்ட சேனையே தானியமின்றித் தவித்து வந்தவாசிக்குப் பின்வாங்கிற்று. பசி கொடியது, அது வந்த இடத்தில் ருசிபேதம் பேச யாருக்கும் வாய் வராது. ஆனாலும் நம் ஊரில் வெறும் கூழை யார் குடிக்கிறார்கள்? ஒரு வெங்காயமாவது, வறுத்த மோர்மிளகாய் ஒன்றாவது, சுட்ட கருவாட்டுத் துண்டாவது பக்கத்தில் இருக்கும். காசை எண்ணி எண்ணிச் செலவிடுகிறவளும் அதற்கு ஒரு காசு ஒதுக்குகிறாள். வயிற்றை மட்டும் கேட்டால் அந்தக் காசு வீண்தான். அவள் அப்படி நினைக்கவில்லை, நாமும் நினைக்கலாகாது.

அப்படியானால் மூக்கின் பாவம் எது? அந்தக் கருவாட்டையே எடுத்துக்கொள்வோம். வீடு வாடகைக்குக் கேட்டு வந்த குடும்பத்தை, "நீங்கள் என்ன சமைப்பீர்கள்?" என்று கேட்டுவிட்டு, வாசலோடு அனுப்பிவிடுகிறார்களே, அங்கே மூக்கு வேலை செய்கிறது. வெயிலில் உழைத்து வந்தவன் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்ளுகிறோமே, அங்கேயும் அதுதான். நாற்றம் என்ற சொல்லுக்குப் பழந்தமிழில் நறுமணம் என்றே பொருள். அதைக் கெட்ட வாடைக்கு ஆக்கியது போதாதென்று, ஒரு ஜனத்தின்மேலேயே அந்தச் சொல்லைப் போட்டு, கிணற்றடியிலிருந்து விலக்கி வைத்தவர்கள் நம் மனுஷர்களே. எண்ணெய் பூசி மன்னிப்புக் கேட்க இதைவிடத் தகுந்த காரணம் மூக்குக்கு வேண்டுமோ?

அர்ச். அருளப்பர் சுவிசேஷத்தில், லாசரின் கல்லறைக் கல்லை எடுக்கச் சொன்னபோது, நாலு நாளாயிற்றே, நாறுமே என்று மார்த்தா தயங்குகிறாள். கர்த்தர் பின்வாங்கவில்லை. அடுத்த அதிகாரத்தில் அவளுடைய சகோதரி மரியாள் விலையுயர்ந்த பரிமளத் தைலத்தை அவர் பாதங்களில் ஊற்றுகிறாள். வீடு முழுவதும் மணக்கிறது. உடனே யூதாஸ் கணக்குப் போடுகிறான்: 300 பணத்துக்கு விற்று ஏழைகளுக்குக் கொடுத்திருக்கலாமே. கூலியாள் நாளொன்றுக்கு ஒரு பணம் வாங்கிய காலம் அது, ஆகவே ஏறக்குறைய ஒரு வருஷக் கூலி. அவன் கள்ளனாயிருந்தாலும் கேள்வி லேசானதல்ல. இன்று நாம் வாங்கும் செண்டுப் புட்டிக்கும் கலியாணப் பந்திக்கும் அது பொருந்தும். ஆனால் சேசுநாதர் மரியாளைக் கடிந்துகொள்ளவில்லை. அந்தத் தைலத்தின் வாசனை எசமானுக்குத் தனியாக, ஏவலாளுக்குத் தனியாக என்று பிரிந்து நிற்கவுமில்லை. வாசனைக்கு முதல் பந்தி, கடைசிப் பந்தி கிடையாது.

நம் வீடுகளில்தான் கடைசிப் பந்தி இருக்கிறது. குழம்பைக் கூட்டித் தாளித்து, புகையில் நின்று இறக்கிய பெண், எல்லாரும் எழுந்தபிறகு உட்காருகிறாள். ஒரே வாசனையில் நெடுநேரம் இருந்தால் மூக்கு அதை உணராமல் விட்டுவிடும், இது அதன் சுபாவம். ஆகையால் தெருவுக்கே தெரிந்த வாசனை, சமைத்தவளுக்குத் தெரிவதில்லை. உப்புக் குறைவு என்று தட்டைத் தள்ளிய வார்த்தை மட்டும் அவள் காதில் கிடக்கும்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து போனதும் அடுப்படிக்கு வேறு யாராவது போகட்டும். மகனோ, புருஷனோ, தெரிந்ததைச் செய்யட்டும். அந்த அம்மாள் திண்ணையில் காற்றாட உட்கார்ந்து, கடுகு வெடித்துக் கறிவேப்பிலை வாசனை வெளியே வருமட்டும் காத்திருக்கட்டும்.