கேப்டனுக்கு என்ன வயசு?

இன்று ராத்திரி சாப்பாடு முடிந்து டி.வி.யை அணைத்த பிறகு, வீட்டில் இரண்டாவதோ மூன்றாவதோ படிக்கிற குழந்தை இருந்தால் இந்தக் கணக்கைக் கேட்டுப் பாருங்கள். ஒரு கப்பலில் 26 செம்மறி ஆடுகள், 10 வெள்ளாடுகள் இருக்கின்றன. கப்பல் கேப்டனுக்கு என்ன வயசு?

சிரிக்காமல் கேட்க வேண்டும். அது ஒன்றுதான் நிபந்தனை.

பிரான்ஸில், கிரெனோபிள் நகரத்து ஆய்வாளர்கள் 1980-ஐ ஒட்டி இப்படித்தான் கேட்டார்கள். ஏழு, எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைகள் 97 பேர். அவர்களில் 76 பேர், கொடுத்த எண்களை எப்படியோ சேர்த்துப் பிசைந்து ஒரு விடை சொல்லிவிட்டார்கள். கூட்டினால் 36. கேப்டனுக்குப் பொருத்தமான வயசுதான், இல்லையா?

இந்தக் கதையைச் சொன்னால் எல்லோரும் முதலில் சிரிப்பார்கள். பிறகு, 'இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு யோசிக்கவே தெரியலை சார்' என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்தக் குழந்தைகள் நன்றாகவே யோசித்திருக்கிறார்கள். யோசித்தது ஆட்டைப் பற்றி அல்ல, வாத்தியாரைப் பற்றி. பெரியவர் ஒருவர் கணக்குக் கேட்டால் அதற்கு விடை இருந்தே தீரும். கொடுத்த எண்களை எல்லாம் பயன்படுத்த வேண்டும். 'இந்தக் கேள்வியே தப்பு சார்' என்று சொன்னால் வம்பு. இத்தனையும் ஒரு நொடியில் கணித்து, பணிவாக 36 என்று சொல்கிறது குழந்தை. ஆட்டுக்கும் கேப்டனுக்கும் சம்பந்தம் இல்லை என்பது அதற்குத் தெரியாமலா இருக்கும்? தெருவில் விளையாடும்போது இதே கேள்வியை இன்னொரு பையன் கேட்டிருந்தால், 'போடா லூஸு' என்று ஒரே வார்த்தையில் சரியான விடை வந்திருக்கும்.

தனக்குத் தெரிந்ததைத் தெரியாத மாதிரி ஒதுக்கி வைத்துவிட்டு, எதிரில் இருப்பவர் விரும்புவதைச் சொல்வது. இதற்கு நம் ஊரில் பெயர் பணிவா, பொய்யா? இதை நாம் கற்றுக்கொடுக்கிற பாடம் எது என்று பாருங்கள். சரித்திரத்தில் ராஜா பெயரை நம்பித்தான் ஆக வேண்டும். எழுத்துக்கூட்டலிலும் அப்படித்தான். பெரியவர்கள் வைத்ததுதான் சட்டம். கணக்கு ஒன்றுதான், ஆறு வயசுப் பொடியனும் தலைமை ஆசிரியரும் சரிசமமாக நிற்கக்கூடிய இடம். ஏழெட்டு ஐம்பத்தாறு. கலெக்டரே வந்து ஐம்பத்து நாலு என்று கையெழுத்துப் போட்டாலும் அது ஐம்பத்தாறுதான். புளியங்கொட்டையை அடுக்கி யார் வேண்டுமானாலும் சரிபார்த்துக்கொள்ளலாம். 'யார் சொன்னால் என்ன, சரியா என்று நானே பார்க்கிறேன்' என்ற தைரியத்தை ஒரு குழந்தைக்குக் கொடுக்கக்கூடிய அந்தப் பாடத்தைப் பிரம்போடு சேர்த்துக் கொடுத்தோம். பிரம்பு போன பிறகு, முறைப்போடு சேர்த்துக் கொடுக்கிறோம்.

இங்கிலீஷ் மீடியம் குழந்தைகள் வாய்ப்பாடு ஒப்பிப்பதைக் கேட்டிருப்பீர்கள். 'டூ ஒன்சா டூ, டூ டூசா ஃபோர், டூ த்ரீசா சிக்ஸ்...' அந்த 'சா' என்ன என்று கேளுங்கள். தெரியாது. 'ஒன்ஸ் ஆர்', 'டூஸ் ஆர்' என்பது தேய்ந்து தேய்ந்து 'சா' ஆகிவிட்டது. இரண்டு மூன்று தடவை சேர்ந்தால் ஆறு என்ற விஷயம் அந்த 'சா'வுக்குள் எங்கேயோ புதைந்து கிடக்கிறது. மந்திரம் மாதிரி சொன்னால் பலன் உண்டு என்கிறார்கள். உண்டு, மார்க் வரும். நம் பழைய 'ஈரேழு பதினாலு', 'மூவேழு இருபத்தொன்று' மட்டும் உசத்தியா என்று கேட்பீர்கள். அர்த்தத்தோடு சொன்னால் உசத்தி. இல்லாவிட்டால் அதுவும் சந்தம் மட்டும்தான்.

இந்த இடத்தில் வழக்கமாக ஒரு தீர்ப்பு எழுதுவார்கள். மனப்பாடம் ஒழிக, புரிதல் வாழ்க என்று. கைதட்டலும் கிடைக்கும். ஆனால், எனக்கு அந்தத் தீர்ப்பில் கையெழுத்துப் போட மனசு வரவில்லை.

ஏன் என்று சொல்கிறேன். தள்ளுவண்டியில் இட்லிக் கடை போடும் பெண் தினத் தண்டலுக்குப் பணம் வாங்குகிறார். பேச்சுக்குப் பத்தாயிரம். கையில் கொடுப்பது 8,500. தினம் 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்ட வேண்டும். 'ஆயிரத்து ஐநூறுதானே வட்டி' என்று தோன்றும். ஆனால், அவர் அந்த 8,500-ஐ 100 நாளும் கையில் வைத்திருக்கவில்லை. முதல் நாளிலிருந்தே திருப்பிக் கட்டிக்கொண்டு வருகிறார். சராசரியாகப் பார்த்தால் பாதிப் பணம்தான் அவரிடம் இருந்தது. அந்தப் பாதிக்கு 100 நாளில் 1,500 ரூபாய். வருஷக் கணக்குக்கு மாற்றினால் வட்டி நூறு சதவிகிதத்தைத் தாண்டிவிடும். தண்டல்காரர் இதைக் காகிதம் இல்லாமல் போடுவார். எதிரில் நிற்பவருக்கு அந்த வேகம் இல்லை என்பதுதான் அவருடைய முதலீடு.

எண்கள் நாக்கு நுனியில் இருப்பது சொத்து. அது யாரிடம் இருந்தது என்பதையும் பார்க்க வேண்டும். நம் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் எண்சுவடி என்று ஒன்று இருந்தது. முந்திரி என்றால் 320-ல் ஒரு பங்கு, காணி என்றால் 80-ல் ஒன்று, மாகாணி 16-ல் ஒன்று, அரைக்கால் எட்டில் ஒன்று. இந்தப் பின்னங்களுக்கெல்லாம் பையன்கள் வாய்ப்பாடு பாடினார்கள். இதைப் பற்றி விரிவாக ஆராய்ந்திருக்கிறார் கணித வரலாற்று ஆய்வாளர் செந்தில் பாபு. இன்றைக்கு கால்குலேட்டர் இல்லாமல் நாம் யாரும் தொட மாட்டோம். பெருமைப்பட்டுக்கொள்ளலாம்தான். ஆனால், அந்தத் திண்ணையில் உட்கார எல்லாச் சாதிப் பிள்ளைக்கும் இடம் கிடைக்கவில்லை. நெல்லை அளந்தவனுக்குக் கணக்குத் தெரியும். நெல்லை விளைவித்துக் கூலியாக அளந்து வாங்கியவனுக்குத் தெரியாது. 'கணக்குப்பிள்ளை சொன்னா சரியாத்தான் இருக்கும்' என்று கை கட்டி நின்ற தலைமுறைகள் உண்டு.

அதனால், 'பாவம், குழந்தையை வாய்ப்பாடு படிக்கச் சொல்லிப் படுத்தாதீர்கள்' என்று வசதியான வீட்டில் உட்கார்ந்து சொல்வது எனக்குக் கொஞ்சம் சுலபமான கருணையாகப் படுகிறது. அந்த வீட்டுக் குழந்தைக்கு டியூஷன் இருக்கிறது, அபாகஸ் கிளாஸ் இருக்கிறது. இல்லாத குழந்தைக்குப் பள்ளிக்கூடம்தான் கொடுத்தாக வேண்டும். மனித மனசால் ஒரே சமயத்தில் பிடித்துக்கொள்ள முடிந்தது சில விஷயங்களைத்தான். நீண்ட வகுத்தல் போடும்போது ஏழெட்டு எவ்வளவு என்று புதிதாகக் கண்டுபிடிக்கப் போனால், திரும்பி வருவதற்குள் வகுத்தல் மறந்துபோகும். 2024-ல் எடுத்த 'அசர்' கணக்கெடுப்பின்படி, இந்தியக் கிராமங்களில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் மூன்று இலக்க எண்ணை ஒற்றை இலக்கத்தால் வகுக்கத் தெரிந்தவர்கள் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. இது ஏதோ மார்க் விவகாரம் இல்லை. இவர்களில் பல பேர் நாளைக்குத் தண்டல்காரர் எதிரில் நிற்கப்போகிறவர்கள்.

சரி, பயிற்சி வேண்டும். ஆனால், எதை மிதித்துக்கொண்டு?

விரலை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றாம் வகுப்பில் விரல் விட்டு எண்ணும் பிள்ளையின் கையைத் தட்டிவிடும் வழக்கம் இன்னும் இருக்கிறது. 'மனசுக்குள்ள போடு!' குழந்தை என்ன செய்யும்? கையை டெஸ்க்குக்குக் கீழே கொண்டுபோகும். அதாவது, எண்ணுவதை நிறுத்தவில்லை, ஒளிக்கக் கற்றுக்கொண்டது. சுவிட்சர்லாந்தின் லொசான் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2024-ல் வெளியிட்ட ஆய்வில், விரல் விட்டு எண்ணாத ஐந்தாறு வயதுப் பிள்ளைகளுக்கு அதை முறையாகச் சொல்லிக் கொடுத்தபோது, அவர்களுடைய கூட்டல் ஒரேயடியாக முன்னேறியது. விரல் என்பது ஊன்றுகோல் கூட இல்லை. நடைவண்டி. தளர்நடை போடும் குழந்தையிடமிருந்து நடைவண்டியைப் பிடுங்கி யாராவது ஓடச் சொல்வோமா? வேளை வந்தால் அதுவே விட்டுவிட்டு ஓடும். நம் பாட்டிமார் கட்டை விரலால் மற்ற விரல்களின் கணுவைத் தொட்டுத் தொட்டு எண்ணி, பால் கணக்கு, சீட்டுக் கணக்கு எல்லாம் தீர்த்தவர்கள். அவர்கள் கையை யாரும் தட்டிவிட்டதில்லை.

இன்னொன்று, 'உனக்குக் கணக்கு வராது' என்ற வாக்கியம். இதைச் சில வீடுகளில் பரம்பரைச் சொத்து மாதிரி கொடுக்கிறார்கள். 'எனக்கும் வராது, அவங்க அத்தைக்கும் வராது.' பிரேசிலில் ரெசிஃபே என்ற நகரம். அங்கே தெருவில் வியாபாரம் பார்த்த சிறுவர்கள் சிலரை ஆராய்ந்து 1985-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பத்து இளநீர், ஒன்று 35 என்றால் எவ்வளவு என்று கேட்டதும், பையன் மூன்று மூன்றாகச் சேர்த்து 105, 210, 315 என்று போய் 350-ல் நிற்கிறான். தெருவில் அவர்கள் போட்ட கணக்குகளில் 98 சதவிகிதம் சரி. அதே மாதிரிக் கணக்குகளை வெறும் எண்ணாகக் காகிதத்தில் கொடுத்தபோது 37 சதவிகிதம். நம் நாட்டிலும், கொல்கத்தா, டெல்லி சந்தைகளில் வேலை பார்க்கும் ஆயிரத்து நானூறுக்கும் மேற்பட்ட பிள்ளைகளை அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டூஃப்லோ குழுவினர் ஆராய்ந்து 2025-ல் எழுதியிருக்கிறார்கள். கதை அதேதான். சந்தைக் கணக்கை அநாயாசமாகப் போடுகிற பிள்ளை புத்தகக் கணக்கில் திணறுகிறது. கூடவே மறுபக்கமும் பார்த்தார்கள். புத்தகக் கணக்கில் தேறுகிற பள்ளிப் பிள்ளைகள் சந்தைக் கணக்கில் திணறினார்கள். ஆக, 'வராது' என்று யாரைச் சொல்வது? தினம் நூறு பேருக்குச் சரியாக மீதிச் சில்லறை கொடுக்கிறவனைப் பார்த்து அப்படிச் சொல்வது தவறான தகவல் மட்டும் இல்லை, அவதூறு.

வாத்தியாரைத் திட்டி முடித்துவிடலாம் என்றால் அதுவும் நியாயம் இல்லை. இரண்டே ஆசிரியர்கள், ஐந்து வகுப்புகள், இடையில் ஆயிரத்தெட்டு படிவங்கள். இப்படிப் பள்ளிகள் நம் மாநிலத்தில் எவ்வளவோ. கொரோனா காலத்தில் பிள்ளைகள் விட்டதை ஈடுகட்ட 2022-ல் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்தது. வகுப்பைப் பார்க்காமல், குழந்தை எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துச் சொல்லிக்கொடுக்கிற ஏற்பாடு. மூன்றாவதில் இருந்தாலும் கூட்டல் தெரியாதவனுக்குக் கூட்டலிலிருந்து ஆரம்பிப்பதுதான் நேர்மை. பெயரும் அழகாகத்தான் வைத்திருக்கிறார்கள். ஆனால், பிள்ளைகள் லேசுப்பட்டவர்கள் இல்லை. 'நீ இன்னும் அரும்பாடா?' என்று கேட்டுவிட்டால் பூவும் முள்ளாகிவிடும். அங்கேதான் ஆசிரியரின் குரலுக்கு வேலை இருக்கிறது.

தப்பான விடை ஒன்றைப் பார்த்ததும் என்ன செய்கிறோம்? சுழித்துவிடுகிறோம். ஆனால், தப்புக்குள்ளும் ஒரு தர்க்கம் உட்கார்ந்திருக்கும். எண்ணிக்கொண்டே வரும் குழந்தை எழுபது, எண்பது என்று சொல்லிவிட்டு, 'ஒன்பதுபது' என்று சொன்னால் சிரிக்காதீர்கள். அது தமிழின் ஒழுங்கைக் கண்டுபிடித்துவிட்டது. 'தொண்ணூறு' என்று ஒழுங்கைக் கலைத்தது மொழி, குழந்தை இல்லை.

அதே மாதிரி 42-லிருந்து 17-ஐக் கழித்து 35 என்று எழுதியிருக்கும். சிவப்புப் பேனாவை எடுக்கும் முன், 'எப்படிம்மா போட்டே, சொல்லு கேட்போம்' என்று கேளுங்கள். விடை சரியாக இருக்கும்போதும் நடுவில் சில சமயம் இப்படிக் கேளுங்கள். இல்லாவிட்டால், கேட்டாலே தப்பு என்று அது கண்டுபிடித்துவிடும். முதலில் முழிக்கும். பிறகு மெல்ல ஆரம்பிக்கும். 'ஏழுல ரெண்டு போனா அஞ்சு... நாலுல ஒண்ணு போனா மூணு...' சின்னதைப் பெரியதிலிருந்துதான் கழிக்க வேண்டும் என்று யாரோ சொல்லிக்கொடுத்ததை அப்படியே மேலும் கீழும் பொருத்தியிருக்கிறது. நீங்கள் ஒன்றும் சொல்லாதீர்கள். 'உன்கிட்ட 42 ரூபா இருக்கு, 17 ரூபாய்க்கு பேனா வாங்கினே' என்று மட்டும் சொல்லிவிட்டுப் பேசாமல் இருங்கள். ஒரு நிமிஷம் ஆகும், சில நாள் இரண்டு நிமிஷம் ஆகும். விரல் மடங்கும், உதடு அசையும். 'பத்து போனா 32... இன்னும் ஏழு... இருங்க, இருங்க, சொல்லாதீங்க!' என்று கத்திவிட்டு, ரப்பரைத் தேடி ஜியாமெட்ரி பாக்ஸைக் கவிழ்க்கும்.