வானம் வழி சொல்லாதபோது

"மேலேயிருந்து வழிகாட்ட ஒன்றுமில்லை என்றால், மனிதன் திக்குத் தெரியாமல் திண்டாடுவானே!" என்று நம்மைப் பார்த்துக் கேட்கிறார்கள். கேட்பவர்களிலே நல்லவர்கள் பலர். நம்மீது அக்கறை கொண்டவர்களும் உண்டு. ஆகவே கேலி பேசி ஒதுக்காமல், கேள்வியை எடுத்து ஆராய்வோம். அதற்கேற்ற சான்று ஒன்று செவ்வாய்க் கோளின் மணலிலே நிற்கிறது.

நம் கைப்பேசி, "நீ நிற்குமிடம் இது" என்று சொல்கிறதே, எவ்வாறு? நான்கு துணைக்கோள்களேனும் அனுப்பும் அலைகளை வாங்கி, அவை வந்து சேர்ந்த நேரத்தைக் கொண்டு கணக்கிடுகிறது. வயலுக்கு மருந்து தெளிக்கும் ட்ரோன் பறப்பதும் அந்தத் துணையால்தான். சுரங்கத்துக்குள்ளும் ஆழ்கடலிலும் அத்துணை எட்டாது. செவ்வாயிலோ இடங்காட்டும் துணைக்கோள் அமைப்பே கிடையாது. பூமியிலிருந்தே ஓட்டலாமே என்றால், கட்டளை அங்கே போய்ச் சேரப் பல நிமிடம் பிடிக்கும். அதற்குள் பறப்பதே முடிந்துவிடும்!

அந்த வானத்திலேதான், 2021 ஏப்ரல் 19 அன்று, நாசாவின் இன்ஜெனூயிட்டி என்னும் சின்னஞ்சிறு ஹெலிகாப்டர் எழுந்தது. எடை 1.8 கிலோ. ஐந்து முறை பறந்தால் போதும் என்று அனுப்பினார்கள். 72 முறை பறந்தது.

தன் அசைவையும் திருப்பத்தையும் தானே அளக்கும் கருவி அதனுள்ளே இருந்தது. "இன்ன வேகத்தில் இத்தனை நொடி வந்தேன், ஆகவே இங்கே இருக்கிறேன்" என்று அது கணக்கிட்டுக்கொண்டே போகும். கணக்கு சரிதான். ஆனால் அளவிலே கடுகளவு பிழை புகுந்தாலும், நொடிக்கு நொடி அது வளரும்; கருவியோ, தான் சரியான இடத்தில் இருப்பதாகவே எண்ணிக்கொண்டிருக்கும். இதை அறிந்த பொறிஞர்கள், கீழ்நோக்கிய படக்கருவி ஒன்றையும் பொருத்தினார்கள். நொடிக்கு 30 படம். கல்லும் மேடும் படத்துக்குப் படம் எவ்வளவு நகர்ந்தன என்று பார்த்து, உள்ளே போட்ட கணக்கைத் திருத்திக்கொள்ளும்.

தோழர்களே, இங்கே சற்று நிற்போம். "மேலே பார்ப்பதை விட்டொழித்தோம், இனி நமக்கென்ன குறை?" என்று மார்தட்டுவோர் நம்மிலே உண்டு. மேலே பார்ப்பதை விட்டது சரி. கீழே பார்க்கத் தொடங்கினோமா? ஊராரின் வாழ்வை, எதிரே நிற்பவனின் நிலையை, நம் சொல்லால் விளைந்ததை, அன்றாடம் பார்த்துக் கணக்கைத் திருத்துகிறோமா? பார்க்காதவன் பகுத்தறிவாளனாயினும், வைதிகனாயினும், உள்ளிருக்கும் கருவியை மட்டும் நம்பிப் பறப்பவனே.

பார்த்தால் மட்டும் போதுமா என்பதற்கும் அங்கே ஒரு கதை உண்டு. 2021 மே 22, ஆறாம் பறப்பு. 54 நொடி கடந்திருந்த வேளையில் ஒரே ஒரு படம் தவறிப்போயிற்று. அதனால் மட்டும் கேடில்லை. பின்னே வந்த படங்கள் அனைத்தின்மீதும் தவறான நேரம் குறிக்கப்பட்டுவிட்டது! கண்டது மெய், கண்டதாகக் கொண்ட காலம் பொய். இல்லாத பிழையைத் திருத்தத் திருத்த, 20 பாகைக்கு மேல் இப்படியும் அப்படியும் சாய்ந்து தள்ளாடியது. வகுப்பறையில் நாம் தொங்கவிடும் நிலப்படமும் ஏதோவொரு நாளில் வரைந்ததுதான். அந்த ஆண்டைச் சேர்த்துப் படித்துக்காட்டும் ஆசிரியர் எத்தனை பேர்?

ஆயினும் அது விழவில்லை. தள்ளாட்டத்தைத் தாங்கும் வலிமையை முன்கூட்டியே அதற்குத் தந்திருந்தார்கள். இறங்கும் கடைசிக் கட்டத்திலே படங்களை நோக்காமல், உட்கருவியை மட்டும் கொண்டு இறங்கவும் பழக்கியிருந்தார்கள். குறித்த இடத்திலிருந்து 5 மீட்டருக்குள் இறங்கியது. பார், பார் என்று முழங்கும் நமக்கு இந்தச் செய்தி கொஞ்சம் இடறலாகத்தான் இருக்கிறது. மறைக்க மனம் வரவில்லை.

இறுதியில் அதை வீழ்த்தியது புயலன்று, வெறும் மணல். 71ஆம் பறப்பை இடையிலே நிறுத்தி அவசரமாக இறங்க நேர்ந்தது. எங்கே இறங்கினோம் என்று அறிவதற்காகவே 2024 சனவரி 18 அன்று மீண்டும் எழுந்தது. 12 மீட்டர் உயரம். கீழே கல்லில்லை, குறியில்லை. அலை அலையாக ஒரே மாதிரி மணல். கண் திறந்தே இருந்தது, பற்றிக்கொள்ளத்தான் ஒன்றுமில்லை. பக்கவாட்டில் எவ்வளவு வேகமாக நகர்கிறோம் என்பதை அறியாமலே தரையைத் தொட்டது. இறக்கைகள் முறிந்தன.

அந்த ஆண்டின் இறுதியில் விசாரணை முடிவை வெளியிட்டார்கள். 16 கோடி கிலோமீட்டருக்கு அப்பால் நடந்த விபத்து. கண்ணால் கண்ட சாட்சி எவருமில்லை. மேலே நாம் சொன்ன காரணத்தைக்கூட, முடிந்த முடிவென்று அவர்கள் அடித்துச் சொல்லவில்லை. கிடைத்த தகவலுக்கு வேறு விளக்கங்களும் பொருந்தலாம், எனினும் இவ்வாறு நிகழ்ந்திருக்கவே வாய்ப்பு மிகுதி என்ற அளவிலே நிறுத்திக்கொண்டார்கள்.