அறிந்தே கொண்ட குறை

மனிதனின் அறவுணர்வு போர்க்களங்களிலும் அரசவைகளிலும் மட்டுமே சோதிக்கப்படுகிறது என்று எண்ணுவது தவறு. அன்றாடக் கொடுக்கல் வாங்கலில்தான் அது நாள்தோறும் உரைகல்லில் உரைக்கப்படுகிறது. ஒரு பொருளின் குறையை மறைத்து விற்பவன் தவறிழைக்கிறான் என்பதில் எவருக்கும் ஐயமில்லை. ஆனால், குறை இன்னது என்று விற்பவன் கூறிவிடுகிறான். வாங்குபவனும் அதனை அறிந்தே வாங்குகிறான். அதன்பின் அக்குறையால் விளையும் தீங்கிற்கு யார் பொறுப்பு? எளியதாகத் தோன்றும் இவ்வினா உண்மையில் எளியதன்று. இதனை ஆராய்வதற்கு நெகிரி செம்பிலான் தோட்டப்புறங்களைப் போல ஏற்ற களம் வேறில்லை. அங்குக் கைமாறி வந்த பழைய லேண்ட் ரோவர் வண்டியைப் போல ஏற்ற சான்றும் வேறில்லை.

இங்கிலாந்தின் ரோவர் நிறுவனம் இவ்வண்டியை 1948ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் உலகுக்கு அறிமுகப்படுத்தியது. அதே ஆண்டு ஜூன் திங்களில் மலாயாவில் அவசரகாலம் பிறந்தது. 1960ஆம் ஆண்டு ஜூலை 31ஆம் நாள் வரை நீடித்த அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில், தோட்ட நிர்வாகிகளும் பாதுகாப்புப் படையினரும் பெரிதும் நம்பிய வண்டிகளுள் லேண்ட் ரோவரும் ஒன்று. தாக்குதலுக்கு அஞ்சிச் சில வண்டிகளுக்கு இரும்புக் கவசமும் பூட்டினர். லாபு, ரந்தாவ், சிலியாவ், பகாவ் என நீளும் செம்மண் தடங்களில் துரையின் வருகையை லயங்களுக்கு முன்னறிவித்தது இவ்வகை வண்டியின் ஓசையே. பின்னர்க் காலம் மாறியது. இரப்பர் நின்ற இடத்தில் செம்பனை நின்றது. தோட்டங்கள் கைமாறின; வண்டிகளும் கைமாறின. துரை அமர்ந்த இருக்கையில் பட்டறைக்காரர் அமர்ந்தார்; குத்தகையாளர் அமர்ந்தார்; சில ஏக்கர் செம்பனைக்கு உரிமையாளரான தொழிலாளியின் மகனும் அமர்ந்தார்.

இவ்வண்டியின் முதல் மூன்று தொடர்களின் உற்பத்தி 1985ஆம் ஆண்டோடு முடிவுற்றது. ஆகவே, இன்று விலைக்கு வரும் அத்தகைய வண்டி எதுவாயினும் நாற்பது ஆண்டு உழைத்துக் களைத்ததே. அதன் குறைகள் மறைபொருள் அல்ல. பட்டறை வாசலில் நிற்கும் சிறுவனும் அவற்றை ஒப்பிப்பான். பின்னச்சின் தண்டு பளுவில் முறியும். கியர் பெட்டி எண்ணெய் கசியும். பெட்ரோல் இயந்திரமாயின் மழைக்காலத்தில் மின்பொறிப் பகுதியில் ஈரம் ஏறி வண்டி நடுவழியில் நின்றுவிடும். இவை எல்லாவற்றையும்விடச் சிந்தனைக்குரியது ஒன்றுண்டு. போருக்குப் பின் எஃகு கிடைப்பது அரிதாயிருந்தமையால் வண்டியின் மேற்கூட்டினை அலுமினியக் கலவைத் தகட்டால் அமைத்தனர்; தாங்கி நிற்கும் அடிச்சட்டமோ எஃகு. மேனி செந்துருப் பிடிப்பதில்லை, எலும்பு பிடிக்கிறது. செம்மண் சேறும் ஈரமும் புகுந்து அடிச்சட்டம் உள்ளிருந்தே அரிபட்டுக் கொண்டிருக்கையில், மேலே பூசிய பச்சை வண்ணம் பளபளவென்று மின்னிக் கொண்டிருக்கும். மனிதரை மதிப்பிடுவதற்கும் இதில் ஒரு பாடம் உண்டு.

விற்பவனின் கடமை பற்றிய வழக்கு மிகப் பழமையானது. கிறித்துவுக்கு முன் 44ஆம் ஆண்டில் உரோம அறிஞர் சிசரோ கடமைகளைப் பற்றி எழுதிய நூலின் மூன்றாம் பகுதியில் இதனை விரிவாக ஆராய்கிறார். குறையுள்ள வீட்டை ஒருவன் விற்கிறான். மரங்கள் உளுத்தவை, படுக்கையறைகளில் நச்சுயிர்கள் திரிகின்றன, இதனை அறிந்தவன் உரிமையாளன் ஒருவனே. அவன் வாய்திறக்க வேண்டுமா? டயோஜனிஸ் என்னும் அறிஞர் வேண்டியதில்லை என்றார். வாங்குமாறு எவரும் வற்புறுத்தவில்லை. வாங்குபவனுக்கு ஆராயும் உரிமை இருக்கையில் விற்பவனிடம் வஞ்சகம் ஏது என்பது அவர் வாதம். அவருடைய மாணவராகிய ஆண்டிப்பேட்டர் இதனை மறுத்தார். வழி தவறியவனுக்கு வழி காட்டாதிருப்பதே பழி என்றால், அறிந்தே ஒருவனைத் தவறான வழியில் செலுத்துவது அதனினும் பெரிய பழி என்பது அவர் முடிபு. சிசரோவும் மாணவரின் பக்கமே நின்றார்.

தமிழ் மரபும் இவ்வழியதே. அயலார் உடைமையைத் தன்னுடைமையாகவே கருதி நடப்பதில் வணிகனின் பெருமை இருப்பதாகக் கண்ட வள்ளுவர், அக்கருத்தை நடுவுநிலைமை அதிகாரத்தின் இறுதியில் வைத்தார். இக்கால மலேசியச் சட்டமும் நடுவழி ஒன்றினைக் காண முயல்கிறது. 1957ஆம் ஆண்டுப் பொருள் விற்பனைச் சட்டம், வாங்குபவர் பரிசோதித்த பொருளில் அப்பரிசோதனை காட்டியிருக்க வேண்டிய குறைகளுக்கு விற்பவரைப் பொறுப்பாக்குவதில்லை. 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டமோ, உடன்பாட்டிற்கு முன்பே குறிப்பாகச் சுட்டிக்காட்டப்பட்ட குறையை மட்டும் காரணமாக்கிப் பொருள் தரமற்றது என்று பின்னர் வாதிட இடந்தருவதில்லை. குறையை எடுத்துச் சொன்னவனுக்குச் சட்டம் அளிக்கும் காப்பு இது.

எனினும், எடுத்துச் சொல்லுதல் என்பது யாது? பழைய வண்டிதான், பார்த்து வாங்கிக்கொள்ளுங்கள் என்று பொதுவாகக் கூறுவது குறையை வெளிப்படுத்துவது ஆகாது. அது குறையைப் பழமை என்னும் சொல்லுக்குள் ஒளித்து வைப்பது. அடிச்சட்டத்தில் இன்ன இடம் அரிபட்டுள்ளது. பின்னச்சின் தண்டு இரண்டுமுறை முறிந்தது. பிரேக்கில் எண்ணெய்க் கசிவு உண்டு என்று பெயர் சொல்லிக் காட்டுவதே வெளிப்படுத்துவது. பொருளியல் அறிஞர் ஜார்ஜ் அக்கர்லாஃப் 1970ஆம் ஆண்டில் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் பழைய கார்ச் சந்தையையே சான்றாகக் கொண்டார். விற்பவர் அறிந்ததை வாங்குபவர் அறியாத சந்தையில், எவரும் நல்ல வண்டிக்குரிய விலை கொடுக்கத் துணியார். எனவே நல்ல வண்டிகள் சந்தையை விட்டு விலகும். பழுதானவையே எஞ்சும் என்று அவர் காட்டினார். ஒருவனின் மௌனம் ஊரார் அனைவரின் நம்பிக்கையையும் அரிக்கும் துருவாகி விடுகிறது.

இனி, வாங்குபவனை நோக்குவோம். குறையை அறிந்தும் ஒருவன் ஏன் வாங்குகிறான்? தேவை ஒரு காரணம். வெட்டிய செம்பனைக் குலைகளை 24 மணி நேரத்திற்குள் ஆலைக்குச் சேர்ப்பதே நன்று; தாமதிக்குமாயின் எண்ணெயில் அமிலம் மிகுந்து தரம் குறையும். மழையில் குழைந்த மண்தடத்தில் நான்கு சக்கரமும் உந்தும் வண்டியே பயன்படும். புதிய வண்டிக்குக் கையில் பணமில்லை. இஃது ஒப்பத்தக்க காரணமே. மற்றொரு காரணமும் உண்டு. அதனைப் பலர் வெளியே சொல்வதில்லை. தந்தை வரப்போரம் ஒதுங்கி நின்று வழிவிட்ட வண்டியை மகன் ஓட்ட விரும்புகிறான். இவ்வேட்கையை எள்ளி நகையாடல் வேண்டா. வரலாறு தந்த வடுவிலிருந்து முளைத்த ஆசை அது. ஆனால், ஆசைக்குக் குறைகளைச் சிறிதாக்கிக் காட்டும் கண்ணாடி ஒன்று உண்டு என்பதை மறத்தலும் கூடாது.

வள்ளுவரின் தெரிந்துதெளிதல் அதிகாரம் அரசன் ஆள் தேரும் முறை பற்றியதே ஆயினும், இவ்விடத்துக்கும் மிகப் பொருந்துவது. நன்மையையும் குறையையும் தனித்தனியே தேடிக் கண்டு, எது மிகுதி என்று நிறுத்துப் பார்த்து முடிவு செய்யச் சொல்கிறார் அவர். ஆராயாமல் நம்புவதும், நம்பியபின் ஐயுறுவதும் தீராத் துன்பம் தரும் என்றும் எச்சரிக்கிறார். குறையறிந்து வாங்கியவன், அக்குறை வெளிப்படும்போது விற்றவனைத் தூற்றுவது இவ்விரண்டாம் பிழையின்பாற்படும். அவன் பெற்ற விலைக்குறைப்பு ஆதாயமன்று. பழுது பார்ப்பதற்கென முன்கூட்டியே அவன் கையில் ஒப்படைக்கப்பட்ட பணம் அது. அப்பணத்தை வேறு செலவிற்குத் திருப்பிவிட்டுப் பழுதை அப்படியே விட்டுவைப்பவன், அடைக்கலப் பொருளைச் செலவழித்தவனுக்கு ஒப்பாவான்.

இங்குதான் வினாவின் உயிர்நிலை உள்ளது. விற்றவன் சொன்னான், வாங்கியவன் ஒப்பினான், இருவருக்கும் இடையே கணக்கு நேராயிற்று. ஆனால், வண்டியில் ஏறுபவர் அவ்விருவர் மட்டுமல்லர். மண்தடத்தில் நடந்து செல்லும் மூதாட்டியை இரக்கத்தால் ஏற்றிக்கொள்கின்றனர். வெளிக்காட்டுக்கு வேலைக்குப் போவோர் பின்புறம் நெருக்கி அமர்கின்றனர். மழை நாளில் தோட்டப்பள்ளிச் சிறுவர்கள் புத்தகப்பையுடன் தொற்றிக்கொள்கின்றனர். இவர்களுள் எவரிடம் அடிச்சட்டத்தின் நிலை கூறப்பட்டது? எவர் அதற்கு ஒப்புதல் அளித்தார்? தன் பணத்தை இழக்கும் துணிவுக்கு ஒருவன் தானே ஒப்பலாம். தன் உடலை வருத்தும் துணிவுக்கும் ஓரளவு ஒப்பலாம். பிறர் உயிரைப் பணயம் வைக்கும் துணிவுக்கு அவன் எவ்வுரிமையால் ஒப்புவான்? அறிந்து வாங்கினேன் என்னும் சொல் விற்றவனுக்கு எதிராக அவன் வாயை அடைக்கிறது. பயணிகள் முன்னிலையிலோ அதுவே அவன் மீதான குற்றச்சாட்டாகிறது. அறியாதவனுக்கு அறியாமையேனும் புகலிடமாகும். அறிந்தவனுக்கு அதுவும் இல்லை.

ஆகவே, குறைகளைப் பிரித்தறிதல் முதற்கடமை. வண்டி கிளம்ப மறுப்பது தொல்லை. நிற்க மறுப்பது கொலை. பழைய தொடர் வண்டிகள் பலவற்றில் நான்கு சக்கரங்களின் பிரேக்கும் ஒரே எண்ணெய்வழியைச் சார்ந்தவை. ஓரிடத்தில் அது பிளந்தால் நான்கும் ஒருங்கே கைவிடும். கியர் பெட்டியின் கசிவு அற்பமாகத் தோன்றும். அதன் பின்னே அமைந்த கைப்பிரேக்கை அவ்வெண்ணெய் நனைத்தால், மேட்டில் நிறுத்திய வண்டி தானே உருளவும் கூடும். தொல்லை தரும் குறையோடு ஒருவன் பொறுமையாக வாழலாம். அவன் வறுமைக்கு அஃது இழுக்கன்று. ஆபத்து தரும் குறையைத் தீர்க்கும்வரை அவ்வண்டியில் பிறரை ஏற்றுதல் அறமன்று. உரிமை மாற்றத்திற்கான பரிசோதனையில் தேறிவிட்டது என்னும் சான்றிதழும் இதற்கு விடையாகாது. சான்றிதழ் ஒருநாளின் நிலையைச் சொல்வது. துரு நாள்தோறும் உழைப்பது.

வறியவனுக்கு இவ்வளவு நுண்ணிய அறம் கட்டுப்படியாகுமா என்று கேட்பார் உண்டு. நேர்மையான வினாவே இது. நல்ல சாலையும் பேருந்தும் எட்டாத இடத்தில் பழைய வண்டியும் ஒரு கொடைதான். ஆபத்து நேரத்தில் நோயாளியை மருத்துவமனைக்குச் சேர்ப்பதும் அதுவே. அத்தகைய வேளையில், ஏற்றாமல் விடுவதால் வரும் தீங்கையும் ஏற்றுவதால் வரும் தீங்கையும் ஒப்பிட்டே முடிவு செய்தல் வேண்டும். ஆனால், ஆண்டுக்கொருமுறை நேரும் இன்றியமையாமையை அன்றாட வழக்கத்திற்குச் சாக்காக்குதல் ஆகாது. மேலும், வறுமை நம் வசதியைக் குறைத்துக்கொள்ளச் சொல்லலாம். அடுத்தவர் பாதுகாப்பைக் குறைக்கும் அதிகாரத்தை அது எவருக்கும் வழங்கவில்லை. ஒருவனால் தனியே இயலாதெனின், அவ்வண்டியால் பயன்பெறும் பத்துக் குடும்பங்கள் கூடிப் பிரேக்கைப் புதுப்பிக்கலாம். குறையை நான்கு பேரறியச் சொல்லுதல் இதனாலும் நன்று. மறைத்த குறைக்கு எவரும் கைகொடுக்க முடியாது.

தோட்ட வாழ்வின் கதையை அறிந்தோர்க்கு இதன் பொருள் இன்னும் ஆழமாகப் புலப்படும். திறந்த லாரிகளிலும் டிராக்டர்களிலும் தொழிலாளரை அள்ளிச் சென்ற நாளில், வண்டியின் நிலை குறித்து அவர்களிடம் எவரும் சொன்னதில்லை. ஏறச் சம்மதமா என்று கேட்டதும் இல்லை. கேட்கப்படாமல் ஏற்றப்பட்டவர்களின் மக்கள் இன்று ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்துள்ளனர். அவ்விருக்கையோடு கூடவே துரையின் பழக்கத்தையும் விலைக்கு வாங்கிவிடலாகாது. ஏறுபவர் யாராயினும், ஏறுமுன் அவருக்கு உண்மை சொல்லப்படல் வேண்டும்.